உம்மா வழுக்கி விழுந்த பாறை

உம்மு கரூப், கரக்
9 ஜூன் 1998

தங்கை நவ்ஃபாவுக்கு அண்ணன் ஹாயில் எழுதுவது.

நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஒரு பொய்யை பஸ் ஏற்றி ஸர்கா வரைக்கும் அனுப்புவானேன்? தண்ணீர் வண்டி போய்விட்டது.

போன மழைக்காலம் உனக்கு நினைவிருக்கும். அப்படியொரு மழை. எல்லார் வீட்டுத் தொட்டியும் நிரம்பி வழிந்தது. ஊரே வரிசையில் நின்று நன்றி சொல்லித் தொழுதது, தண்ணீர் விற்றுப் பிழைக்கிற நானும் நின்று ஆமீன் சொன்னேன். வண்டிக் கடனில் மூன்று தவணை நின்றது அப்படித்தான். அதன்பிறகு வண்டியை நம் சிநேகிதன் தியாபின் ஆட்டுக்குகையில் ஒளித்து வைத்ததும் உனக்குத் தெரியும். உம்மா வழுக்கி விழுந்த பாறைக்கு அந்தப் பக்கம், பாதி வண்டி குகைக்குள், மீதிப் பாதிக்கு ஆட்டுமயிர்க் கூடாரத் துணி. நீதிமன்றத்துக்கு விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே எடுப்பேன். ஓட்டினால்தான் தவணை கட்டலாம், ஓட்டினால் பிடிப்பார்கள். ஏழு நாளில் ஒரு நாள் பிழைப்பு.

வியாழக்கிழமை முற்பகல் நான் கோதுமை அறுப்பில் இருந்தேன். நீதிமன்ற ஆள் ஒருவன், வண்டி விற்ற கடையிலிருந்து இரண்டு பேர், ஒரு போலீஸ்காரன். ஊருக்குள் வரவே இல்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் பள்ளத்தாக்கில் இறங்கி, துணியைத் தூக்கி, வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இருந்தவன் தியாப் ஒருவன்தான். எதிர் மலையில் ஆடு மேய்த்தவன் பார்த்திருக்கிறான். தியாப் அவர்கள் கையிலிருந்து ஏதோ காகிதத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டானாம். காகிதம் என்றால் என்ன காகிதம்? உனக்கும் எனக்கும் தெரியாதா?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து குலத்துக் கூடத்தில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா தியாப், எவ்வளவு வாங்குன? சொல்லு. என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. என் வீட்டு உப்பைத் தின்னுட்டு எவன் காசைத் தின்னே?"

அவன் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். குற்றமில்லாதவன் அப்படிப் போவானா? எனக்கு வெறி தலைக்கேறியது. "என் பொண்ணு நுஹா இவன் வீட்டு வாசப்படியை மிதிச்சா, என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!" என்று நாற்பது பேர் நடுவில் சத்தியம் செய்துவிட்டேன்.

பெருநாளன்று நுஹாவுக்கும் அவன் மகன் அவ்வாதுக்கும் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்ததெல்லாம் அதோடு முடிந்தது. உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்ட உன் புருஷனுக்கு இப்போது சந்தோஷமா என்று கேட்டு எழுது.

ஹாயில்

* * *

ஸர்கா
17 ஜூன் 1998

அன்புள்ள அண்ணனுக்கு, நவ்ஃபாவின் ஸலாம்.

பஸ் டிரைவர் அபூ நாயிஃப் கடிதமும் உலர்தயிர்க் கட்டிகளும் கொண்டுவந்து கொடுத்தார். வண்டியே போன வேளையில் எங்களுக்குத் தயிர் அனுப்ப அண்ணிக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

அண்ணா, வண்டி போனது போகட்டும். அந்தச் சத்தியத்தை ஏன் செய்தீர்கள்? தியாப் அண்ணன் அப்படிப்பட்டவரா? நாம் மூன்று பேரும் அந்தக் கரூப் மரத்தடியில் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். உம்மா விறகுக் கட்டோடு வழுக்கி விழுந்து கால் முறிந்த அன்று, வீடு வரைக்கும் முதுகில் சுமந்து வந்தது அவர்தானே. அவர் காசு வாங்கினார் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

வேறு யாராவது பார்த்திருக்கக் கூடாதா? வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பச்சை வண்டி பள்ளத்திலிருந்து ஏறி வந்தால் ஆட்டுக்குட்டிக்குக்கூட விஷயம் புரிந்துவிடும். யார் சொன்னது என்று தேடிக்கொண்டே இருக்காதீர்கள். இமாமைக் கேட்டு அந்தச் சத்தியத்தை அவிழ்க்க ஒரு வழி பாருங்கள். நுஹாவை நினையுங்கள்.

அவருக்குச் சந்தோஷமா என்று கேட்டிருந்தீர்கள். சந்தோஷம் இல்லை. ஆனால் கடைக்காரன் பள்ளிக்கூட ஆபீஸுக்கே வந்து, மற்ற எழுத்தர்கள் முன்னால் "ஜாமீன்காரரே, ஜெயில் சாப்பாடு பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போவது நின்றிருக்கிறது. நாலு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் தூங்குகிறார்.

தண்ணீர் கொதித்துவிட்டது. நிறுத்துகிறேன்.

நவ்ஃபா

* * *

உம்மு கரூப்
28 ஜூன் 1998

நவ்ஃபா,

நீயும் உன் அண்ணியும் பேசி வைத்துக்கொண்டீர்களா? அவளும் இதையேதான் முணுமுணுக்கிறாள். பேசுவதில்லை என்று சொன்னேனே, முணுமுணுப்பு கணக்கில் வராது.

நானும் யோசிக்காமல் இல்லை. வெள்ளிக்கிழமை வண்டி ஓடுவது ஊருக்கே தெரியும், சரி. ஆனால் எங்கே நிற்கிறது என்பது மூன்றே பேருக்குத்தான் தெரியும். ஒன்று உன் அண்ணி. அவளுக்குப் போன் பேசவே தெரியாது, மளிகைக்கடைப் போனைப் பார்த்தாலே சலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். இரண்டாவது நீ. என் தகப்பன் மகள். ஆக மிச்சம் யார்? கழுதை மேய்ப்பவனுக்குக்கூடப் போடத் தெரிந்த கணக்கு.

அவன் நிரபராதி என்றால் கூடத்துக்கு வந்து குர்ஆன் மேல் கைவைத்துச் சொல்லட்டுமே. பெரியவர்கள் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். "சொல்றதுக்கு ஒண்ணுமில்லை"ன்னு சொல்லி அனுப்பிவிட்டான். இப்போது அவனுக்கு யாரும் எழுந்து இடம் கொடுப்பதில்லை. அவன் பாலை வாங்குவதையும் இரண்டு வீடுகள் நிறுத்திவிட்டன.

நுஹா சாப்பிடுகிறாள், வேலை செய்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். திட்டினால்கூட நன்றாக இருக்கும். கல்யாணத்துக்கென்று தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தியாபின் மேல் இன்னும் கோபம் வருகிறது.

ஹாயில்

* * *

ஸர்கா
21 ஜூலை 1998

அண்ணா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

வண்டியை ஏலம் விட்டுவிட்டார்கள். அவரும் போயிருந்தார். ஏலத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாம், யாரும் ஏற்றிக் கேட்கவில்லை. விலையில் பாதிகூட வரவில்லை. மீதி அப்படியே இருக்கிறது. தவணைக்கு வாங்கிய உங்களிடம் எதுவும் கிடைக்கவில்லை என்று, ஜாமீன்காரர் சம்பளத்தில் பிடிக்க உத்தரவு வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு, நாலு வருஷம்.

வண்டியை எடுத்துக்கொண்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். அவர் பெயரை அன்றைக்கே அடித்துவிடுவதாகச் சொன்னார்கள். அப்படி நம்பிய முட்டாளும் உலகத்தில் உண்டு அண்ணா. யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள் என்று இப்போது கேட்காதீர்கள்.

அவர் உத்தரவைப் படித்துவிட்டு, சின்னவனின் பள்ளிக்கூடப் பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதை நம்புங்கள்.

நுஹாவிடம் என் முத்தத்தைச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

நவ்ஃபா

* * *

உம்மு கரூப்
4 ஆகஸ்ட் 1998

நவ்ஃபா,

உன் கடிதம் எனக்கு முழுதாகப் புரியவில்லை. உன் புருஷன் சனத்திடம் சொல், மாதாமாதம் பிடிக்கிற தொகையில் பாதியை நான் அனுப்புவேன். சுண்ணாம்புக் கல் உடைக்கப் போகிறேன். முதுகு இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் சத்தம். என் வண்டியின் ஹாரன்! நம் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறது. பார்த்தால் என் பச்சை வண்டிதான். பின்பக்கம் நான் எழுதி வைத்த "பொறாமைக் கண்ணில் முள்" அப்படியே இருக்கிறது. ஏலத்தில் எடுத்தவன் மாதபா ஊர்க்காரன், வாட்டசாட்டமான இளைஞன். "தண்ணி வேணுமா மாமா?" என்று கேட்கிறான். இந்தக் கோடையில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தொட்டி காலி. உன் அண்ணி காசை எண்ணிக் கொடுத்தாள். அவனுக்குப் பம்ப் கிளம்பவில்லை. நானே போய் இடது பக்கம் ஓர் உதை விட்டேன். கிளம்பிவிட்டது.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்றான்.

"எனக்கு அதோட குணம் தெரியும்ப்பா" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.

தியாபின் மனைவி அவ்வாதுக்குத் தஃபீலா பக்கம் பெண் பார்க்கிறாளாம். பார்க்கட்டும். சிநேகிதன் போனான், வண்டி போனது, கூடத்தில் பழைய மரியாதை இல்லை. ஒரு வயிற்றில் பிறந்தவள் நீ ஒருத்தி இருக்கிறாய். அது போதும் என்று தேற்றிக்கொள்கிறேன்.

ஹாயில்

* * *

ஸர்கா
12 ஆகஸ்ட் 1998

அண்ணா,

அது போதும் என்று எழுதிவிட்டீர்கள். இனியும் மறைத்தால் நான் மனுஷி இல்லை.

நான்தான் சொன்னேன்.

மே மாதக் கடைசியில், அவர் ஆபீஸில் இருந்த நேரம், கடைக்காரனின் ஆள் வீட்டுக்கு வந்தான். கத்தவில்லை. வாசலிலேயே நின்று, "சகோதரி, உங்க புருஷன் நல்ல மனுசன். வேலை போயிடும், ஜெயிலும் உண்டு. எங்களுக்கு அந்த வண்டி மட்டும் போதும். கிடைச்ச அன்னிக்கே அவர் பேரை அடிச்சிடுவோம்" என்றான். முதல் நாள் தெரியாது என்றேன். மறுநாள் அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவன் வந்தபோது, பெரியவனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வழி வரைந்து கொடுத்தேன். கரூப் மரம், பாறை, குகை. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது அண்ணா. வரைந்தால் சொன்னதாகாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

வண்டிதானே போகும் என்று எண்ணினேன். நீங்கள் யாரையாவது சந்தேகிப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது சத்தியம் செய்து முடித்திருந்தீர்கள். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பயம். உங்களை இழந்துவிடுவேன் என்ற பயம். அதற்காக நுஹாவின் வாழ்க்கையைப் பணயம் வைத்தேன். அவருக்கும் நேற்றுதான் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார், திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

கூடத்தில் என் பெயரைச் சொல்லுங்கள். நவ்ஃபா காட்டிக் கொடுத்தாள் என்று நாற்பது பேர் முன்னால் சொல்லுங்கள். ஆனால் தாமதிக்காதீர்கள். அவ்வாதுக்கு வேறு பெண் பேசி முடிப்பதற்குள் போங்கள். என்னை வெட்டிப் போட்டாலும் சரி, இதை மட்டும் சீக்கிரம் செய்யுங்கள்.

நவ்ஃபா

* * *

ஸர்கா
14 செப்டம்பர் 1998

அண்ணா,

கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாக அபூ நாயிஃப் சொல்கிறார். படித்தீர்களா என்று கேட்டேன். "சட்டைப்பைல வச்சாரும்மா, அவ்வளவுதான்" என்றார்.

திட்டியாவது எழுதுங்கள்.

நவ்ஃபா

* * *

உம்மு கரூப்
1 அக்டோபர் 1998

நவ்ஃபாவுக்கு,

உன் கடிதத்தை அன்றே படித்தேன். மறுநாள் மறுபடி படித்தேன். அப்புறம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கல் உடைக்கப் போனேன். ஆறு வாரம் அது அங்கேயே கிடந்தது. வேர்வையில் ஊறி எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது, ஆனால் எனக்குத்தான் மனப்பாடமாகிவிட்டதே.

ஏன் போகவில்லை என்று கேட்பாய். முதல் வாரம் உன் மேல் கோபம். அடுத்த வாரமும் அதேதான். அதன்பிறகு அது கோபம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். தியாபின் வாசலில் போய்த் தலைகுனிந்து நிற்பதை நினைத்தாலே கால் வரவில்லை. நாளைக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

போன வியாழக்கிழமை போனேன். பெரியவர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு முறையாகத்தான் போனேன். தியாப் எழுந்து வந்து வரவேற்றான், உட்கார வைத்தான், தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தான். முறைப்படி நான் கிண்ணத்தைக் குடிக்காமல் தரையில் வைத்தேன். கேட்டு வந்ததைத் தருகிறேன் என்று அவன் சொல்லும் வரை குடிக்கக் கூடாதல்லவா? பெரியவர்கள் பேச வாயெடுத்தார்கள். அவர்களைத் தடுத்துவிட்டு, "ஹாயில், வெளிய வா, ஆட்டைப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

பட்டியில் வைத்துச் சொன்னேன். "தியாப், சொன்னது நீ இல்லை. எனக்குத் தெரிஞ்சிடுச்சு. யாருன்னு மட்டும் கேக்காதே."

"நான் ஏன் கேக்கணும்? எனக்கு அன்னிக்கே தெரியும்."

அந்தக் கடைக்காரன் குகைக்கு வந்து, கையில் இருந்த தாளைக் காட்டி, "இதுதான் அந்தப் பாறையா?" என்று இவனிடம் கேட்டிருக்கிறான். தியாப் அதை வாங்கிப் பார்த்திருக்கிறான். நீ வரைந்த பாறைக்குக் கீழே உன் கையெழுத்தில் ஏதோ எழுதியிருந்தாயாமே. உனக்கு நினைவிருக்கிறதா? "உம்மா வழுக்கி விழுந்த பாறை."

"அந்தப் பாறையை அப்படிச் சொல்றது உலகத்துலயே உங்க ரெண்டு பேருதான்" என்றான் தியாப். "நீ உன் வண்டியை நீயே காட்டிக் குடுக்க மாட்டே. அதான் அந்தத் தாளைப் புடுங்கிச் சட்டைக்குள்ள வச்சேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்புல போட்டேன்."

எதிர் மலையில் நின்றவன் பார்த்த காகிதம் அதுதான் நவ்ஃபா. தன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியை அவனே எரித்துவிட்டான்.

"ஏன்டா சொல்லலை?" என்று அவன் தோளைப் பிடித்துக் கேட்டேன்.

"சொன்னா உனக்கு நான் கிடைப்பேன், தங்கச்சி போயிடுவா. இன்னொரு தங்கச்சிய எந்தச் சந்தைல வாங்குவே? உங்க உம்மாவை நான் சுமந்திருக்கேன் ஹாயில்." பட்டிப் படலைச் சாத்தினான். "ஆனா ஒண்ணு. கூடத்துல நீ 'எவன் காசைத் தின்னே'ன்னு கேட்டப்ப, உண்மை தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கினேன். இன்னும் செரிக்கலை."

நான் அவன் காலில் விழப் போனேன். அவன் விடவில்லை. நுஹாவைப் பற்றிக் கேட்டேன். அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ரெண்டு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? அவ்வாதுக்கு அவன் சித்தி மகளைப் பேசி ஃபாத்திஹா ஓதிட்டோம். அவன் கடைசி வரைக்கும் காத்திருக்கேன்னுதான் சொன்னான். அவங்கம்மாதான் விடலை. இன்னொரு பொண்ணு பேரைச் சொல்லி ஓதினதை எப்படிக் கலைக்கிறது? அவளும் ஒருத்தன் பெத்த பொண்ணுதானே."

உள்ளே போய், "காபியைக் குடி ஹாயில், நீ கேட்டது உனக்கு உண்டு" என்று பெரியவர்கள் முன்னால் சொன்னான். நான் கேட்டதில் மன்னிப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது. குடித்தேன்.

இரண்டு வாரம் நவ்ஃபா. உன் கடிதம் ஆறு வாரம் என் பையில் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை கூடத்தில் எழுந்து நின்றேன். நீ சொல்லச் சொன்ன பெயரைச் சொல்லவில்லை. தியாப் நான்கு மாதம் கட்டிக் காத்ததை நான் ஒரு நிமிஷத்தில் உடைப்பேனா? "தியாப் காசு வாங்கலை. அந்த எடத்தைச் சொன்னது என் வாய்தான். பெருமைக்கு உளறிட்டேன். பழியை அவன் தலையில போட்டேன்" என்றேன். பொய்யும் இல்லை. ஒளித்த இடத்தை உன்னிடம் பெருமையடித்தது நான்தானே. கூடம் சிரித்தது. இப்போது நான் தெருவில் போனால், "வண்டியைத் தானே வழியனுப்பினவர் வர்றார்"னு பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். தியாப் நுழைந்தால் மறுபடியும் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

அந்தச் சத்தியத்துக்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சோறு போடச் சொன்னார் இமாம். ஒன்பது பேரைத் தேடினால் போதுமா, பத்தாவதாக நானே உட்காரலாமா என்று கேட்டேன். அவரும் சிரித்துவிட்டார். பத்து பேருக்கும் போட்டேன். இனி அதனால் யாருக்கும் பயன் இல்லை என்று தெரிந்தே போட்டேன்.

உன்னை மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல் கோபப்பட ஆரம்பித்தால் பாதி வழியில் என் ஆறு வாரம் குறுக்கே வந்து நிற்கிறது.

நுஹாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நேற்று கேட்டாள். "வாப்பா, யாரோ ஒருத்தர் சொன்னதாலதானே இதெல்லாம்? அது யாரு?" ஊருக்குச் சொன்னதை அவளுக்குச் சொல்ல முடியவில்லை. ஊருக்கு நான் எதை வேண்டுமானாலும் சொல்வேன். அவளிடம் பொய் சொல்ல மாட்டேன். என் பங்கை நான் சொல்கிறேன். உன் பங்கை நீ வந்து சொல். தனியாக என்னால் ஆரம்பிக்க முடியாது.

ஸர்காவிலிருந்து வியாழக்கிழமை பஸ் காலை ஏழு மணிக்கு.

உன் அண்ணன்
ஹாயில்

* * *

ஸர்கா
7 அக்டோபர் 1998

அண்ணா,

நுஹாவிடம் என்ன சொல்வது என்று நேற்றிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். ஒரு வரிக்கு மேல் வரவில்லை. அந்த ஒரு வரியையும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்கிறார். பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்கிறார். "போயிட்டு வா, அவ அடிச்சா வாங்கிக்கோ" என்றார்.

அதற்கு முன்னால் தியாப் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அவர் காபி கொடுத்தால் குடிப்பேன், கொடுக்காவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கடிதத்தை அபூ நாயிஃபிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்து வருகிறேன்.

நவ்ஃபா